முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும்: வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் சொந்தமாக ஒரு சாட்

புது ஆப்பை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “இதுல என் நம்பர் எங்க இருக்கு?” நம்பர் இதில் கிடையாதும்மா, உங்களுக்கென்று ஒரு முகவரி இருக்கிறது என்றேன். “ஈமெயில் மாதிரியா?” என்று கேட்டார். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் ஓரளவு பழக்கம் இருக்கிறது, சர்வர் நடத்திய அனுபவம் இல்லை, குடும்பத்தோடும் நெருங்கிய நண்பர்களோடும் பேச நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கானது இது.

அம்மா சொன்ன ஒப்புமை சரியானதுதான். மின்னஞ்சலில் நீங்கள் ஒரு நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்பீர்கள், உங்கள் நண்பர் இன்னொன்றில் வைத்திருப்பார். கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். சாட்டிலும் அதே ஏற்பாட்டைத் தருகிற திறந்த புரோட்டோகால்கள், அதாவது ஆப்களும் சர்வர்களும் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறைகள், பல வருடங்களாக இருக்கின்றன. முகவரியில் ‘@’ குறிக்கு முன்னால் உங்கள் பெயர், பின்னால் சர்வரின் பெயர். நீங்கள் அனுப்பும் செய்தி முதலில் உங்கள் சர்வருக்குப் போகும், அங்கிருந்து நண்பரின் சர்வருக்குப் போகும், கடைசியில் அவர் போனில் விழும். யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம், யார் வேண்டுமானாலும் ஆப் எழுதலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இன்று பரவலாகப் புழங்குபவை இரண்டு. ஒன்று எக்ஸ்எம்பிபி. ஜெரமி மில்லர் 1999 ஜனவரியில் ‘ஜாபர்’ என்ற பெயரில் அறிவித்த திட்டம் இது. 2004இல் இணையத் தரநிலையாகவே வெளிவந்தது. மற்றொன்று 2014இல் வந்த மேட்ரிக்ஸ்.

குடும்பத்துக்கும் சிறு நண்பர் கூட்டத்துக்கும் நான் எக்ஸ்எம்பிபியைத்தான் சொல்வேன். அதன் சர்வர் மிகவும் லேசானது. ப்ரோசடி என்கிற சர்வர் மென்பொருள் ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டரில்கூட அலட்டிக்கொள்ளாமல் ஓடும். மேட்ரிக்ஸில் ஒவ்வொரு அறையின் வரலாறும் அதில் பங்கேற்கும் எல்லாச் சர்வர்களிலும் பிரதியாக நிற்கும். நூற்றுக்கணக்கானோர் பேசும் பொது அறைகளுக்கு அது பெரிய பலம். ஆனால் அதே காரணத்தால் அதில் அதிகம் புழங்கும் சினாப்ஸ் என்ற சர்வர் மென்பொருள் மெமரியையும் டிஸ்க்கையும் நிறையவே கேட்கும். வேலை செய்யும் இடத்திலோ நண்பர் வட்டத்திலோ ஏற்கெனவே மேட்ரிக்ஸ் இருந்தால் அதிலேயே சேர்ந்துகொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால், இனி வரும் படிகள் எக்ஸ்எம்பிபிக்கானவை.

முதல் படி: சர்வர் வேண்டாம், இரண்டு பேர் போதும்

ஆர்வத்தில் பலர் நேராகச் சர்வர் அமைக்கப் போவார்கள். அதைத் தள்ளிப்போடுங்கள். முதலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பொதுச் சர்வர் ஒன்றில் நீங்களும், இதில் ஆர்வம் உள்ள இன்னொருவரும் கணக்குத் தொடங்கி இரண்டு வாரம் பேசிப் பாருங்கள். ‘எக்ஸ்எம்பிபி ப்ரொவைடர்ஸ்’ என்று தேடினால் பொதுச் சர்வர்களைத் தரம் பிரித்துக் காட்டும் பட்டியல் கிடைக்கும்.

ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் என்ற ஆப்பைப் போடுங்கள். எஃப்-டிராய்ட் என்ற ஆப் களஞ்சியத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஐபோனில் மோனல். லினக்ஸ் கம்ப்யூட்டரில் டீனோ அல்லது கஜிம், விண்டோஸில் கஜிம். எல்லாம் ஒன்றோடொன்று பேசும். ஆகவே எல்லோரும் ஒரே ஆப்பில் இருக்க வேண்டும் என்ற கவலை தேவையில்லை.

கணக்குத் தொடங்கும்போது இரண்டு விஷயத்தில் நிதானம் வேண்டும். முகவரியை ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே வையுங்கள். தமிழ் எழுத்தில் முகவரி வைக்கப் புரோட்டோகால் இடம் கொடுக்கிறது, எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் தமிழ் விசைப்பலகை இல்லாத நண்பர் அதைத் தட்டச்சு செய்ய முடியாமல் திண்டாடுவார். திரையில் தெரியும் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். அடுத்தது கடவுச்சொல். பல பொதுச் சர்வர்கள் உங்களிடம் போன் நம்பரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மீட்டுத் தரவும் அவர்களுக்கு வழியில்லை. முதல் நாளே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்புறம், நண்பரைச் சேர்ப்பது. அவர் முகவரியைத் தட்டச்சு செய்யலாம், பக்கத்தில் இருந்தால் அவர் போனில் காட்டும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யலாம். நீங்கள் சேர்த்ததும் அவருக்கு ஓர் அனுமதிக் கோரிக்கை போகும். அவர் ஒப்புக்கொண்டால்தான் நீங்கள் ஆன்லைனில் இருப்பது அவருக்கும், அவர் இருப்பது உங்களுக்கும் தெரியும். “சேர்த்துட்டேன், ஒண்ணுமே தெரியலையே” என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் இந்தக் கோரிக்கை இன்னொரு பக்கம் தொடப்படாமல் கிடக்கும்.

பூட்டு போட்டாயிற்றா?

செய்தி எழுதும் பெட்டியின் அருகிலோ மேலேயோ ஒரு பூட்டுப் படம் இருக்கும். அது மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒமீமோ என்று ஒரு குறியாக்க முறை இருக்கிறது. சிக்னல் ஆப்பில் உள்ள குறியாக்கத்தை அடியொற்றி 2015இல் எக்ஸ்எம்பிபிக்காக எழுதப்பட்டது. அது இயங்கும்போது செய்தியின் உள்ளடக்கம் உங்கள் போனுக்கும் அவர் போனுக்கும் மட்டுமே புரியும். நடுவில் இருக்கும் சர்வர்களுக்குப் புரியாத எழுத்துகள்தான் தெரியும்.

இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒமீமோவில் சாவி ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. செய்தி அனுப்பும் நேரத்தில் என்னென்ன கருவிகள் இருக்கின்றனவோ அவற்றுக்கு மட்டுமே அது பூட்டப்படும். இன்று போனில் பேசிவிட்டு அடுத்த மாதம் லேப்டாப்பில் நுழைந்தால், பழைய செய்திகள் அங்கே திறக்காது. அதனால் எந்தெந்தக் கருவியில் பேசப்போகிறீர்களோ அவை எல்லாவற்றிலும் முதல் நாளே நுழைந்துவிடுங்கள். போன் மாற்றும் முன் கான்வர்சேஷன்ஸில் பேக்கப் எடுங்கள். அது ஒரு கோப்பாக இறங்கும், உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். அதைப் புதுப் போனுக்கு நகலெடுத்து மீட்டுக்கொண்டால் பழைய பேச்சு திரும்ப வந்துவிடும். அண்ணன் தன் பழைய போனை அழித்துக் கொடுத்த பிறகுதான் என்னிடம் கேட்டான். குழந்தையின் முதல் வருடப் படங்களில் பாதியை என் போனிலிருந்து திரும்ப அனுப்பினேன். மற்ற பாதி வேறு ஆட்களோடு அவன் பேசியதில் இருந்தது.

நேரில் பார்க்கும்போது ஒருவரின் கியூஆர் கோடை மற்றவர் ஸ்கேன் செய்து சாவியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும் வரை கான்வர்சேஷன்ஸ் புதுக் கருவிகளைத் தானாகவே நம்பிக்கொள்ளும். சரிபார்த்த பின், அவர் பெயரில் புதுக் கருவி ஏதாவது தலைகாட்டினால் உங்களிடம் கேட்கும்.

செய்தி தாமதமாக வருகிறதா?

குடும்பத்தில் நான் கேட்ட புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: “நீ காலையில அனுப்பினது இப்பத்தான் வந்துச்சு.” ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் சர்வரோடு தானே ஒரு தொடர்பைப் பிடித்து வைத்திருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் அந்த ஆப்பைத் தூங்கவைத்துவிட்டால் தொடர்பு அறுந்துவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். சில போன்களில் ‘தானாகத் தொடங்க அனுமதி’ என்று தனியாக ஒரு சுவிட்ச் வேறு இருக்கும், அதையும் போடுங்கள். இந்த ஒரு வேலையை ஒவ்வொருவர் போனையும் கையில் வாங்கி நீங்களே செய்வது நல்லது. போனில் வழி சொல்லிப் புரியவைக்க முயன்றால் இரண்டு பேருக்கும் பொறுமை போய்விடும்.

ஐபோனில் நிலைமை வேறு. அங்கே பின்னணியில் தொடர்பை வைத்திருக்க ஆப்பிள் விடாது. மோனல் ஆப்பிளின் புஷ் அறிவிப்புச் சேவை வழியாகத் தட்டி எழுப்பப்படும். எழுந்த பிறகு அதுவே சர்வரிடம் போய்ச் செய்தியை எடுத்துவரும்.

இரண்டாம் படி: டொமைன் வாங்குங்கள்

இரண்டு வாரம் ஓடி, பிடித்துவிட்டதா? சரி, அப்போது செலவழிக்கும் முதல் காசு டொமைனுக்கு, அதாவது முகவரியில் ‘@’ குறிக்குப் பின்னால் வரும் பெயருக்கு, போகட்டும். சர்வர் எங்கே இருக்கிறது என்பது அதற்கப்புறம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கூகுள் டாக் கதை நினைவில் இருக்கிறது. 2005இல் அது எக்ஸ்எம்பிபியின் மேல் எழுப்பப்பட்டது. 2006 ஜனவரியில் மற்றச் சர்வர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. 2013இல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவு அதில் இல்லை. பின்னர் 2022இல் கூகுள் டாக்கும் முழுவதுமாக மூடப்பட்டது. அந்த முகவரியையே தன் சாட் முகவரியாக ஊருக்கெல்லாம் கொடுத்திருந்தவருக்கு, அதை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக வழி இல்லை. முகவரியின் பின்பாதி வேறொருவருடையது. பின்பாதி உங்களுடையதாக இருந்தால், இன்று வாடகைச் சர்வர், நாளை வீட்டு மூலையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்கடுத்து வேறொருவர் நடத்தித் தரும் சேவை என்று மாறிக்கொண்டே போகலாம். அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஒமீமோ சாவிகள் போனில் இருப்பதால் அவையும் அப்படியே நிற்கும்.

பெயர் சுருக்கமாக, போனில் சொன்னாலே எழுத்துக்கூட்டத் தெரிவதாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: சர்வர்

மூன்று வழிகள் உண்டு. உங்கள் டொமைனை ஏற்று, சர்வரை அவர்களே நடத்தித் தரும் சேவைகள் இருக்கின்றன. நேரம் இல்லாதவர்கள் தயங்காமல் இதை எடுங்கள், முகவரி உங்களுடையதுதான். மாத வாடகைக்கு ஒரு சின்ன மெய்நிகர் சர்வர் எடுப்பது இரண்டாவது. வீட்டிலேயே வைப்பது மூன்றாவது. வீட்டில் வைக்க நினைத்தால், முதலில் ரௌட்டரின் பக்கத்துக்குப் போய் அதற்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரியைப் பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியும் ஐபியும் அதுவும் வேறுவேறாக இருந்தால், இணைய நிறுவனம் பலருக்கு ஒரே ஐபியைப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் வெளியிலிருந்து வரும் தொடர்பு உங்கள் பெட்டியை எட்டாது. வாடகைச் சர்வரே நல்லது.

மென்பொருளுக்கு, புதியவர்களிடம் நான் ஸ்னிக்கெட்டைச் சொல்கிறேன். உள்ளே இருப்பது ப்ரோசடிதான், ஆனால் குடும்ப அளவுக்குத் தேவையானதை எல்லாம் ஏற்கெனவே பொருத்தி, டாக்கர் என்ற மென்பொருளில் அப்படியே ஓடும் பெட்டியாகக் கட்டித் தந்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது இதுதான்.

டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பக்கத்தை (எந்தப் பெயர் எந்த ஐபி என்று குறிக்கும் பதிவேடு) திறந்து, சாட்டுக்கென்று ஒரு துணைப்பெயரை உங்கள் சர்வரின் ஐபியைக் காட்டும்படி வையுங்கள். அதற்குக் கீழே குரூப்புக்கு ஒன்று, கோப்புப் பகிர்வுக்கு ஒன்று என இன்னும் இரண்டு பெயர்கள், இரண்டும் முதல் பெயரையே காட்டட்டும். ஆக மூன்று பதிவுகள். இதில் ஓர் எழுத்துப் பிழை விழுந்தால் அப்புறம் எங்கே தேடினாலும் கிடைக்காது, இருமுறை படித்துப் பாருங்கள்.

சர்வரில் டாக்கரை நிறுவுங்கள். ஸ்னிக்கெட்டின் அமைப்புக் கோப்பில் நீங்கள் நிரப்ப வேண்டியது இரண்டே வரி: அந்தத் துணைப்பெயர், நிர்வாகியின் மின்னஞ்சல். ஓடவிட்டதும் அதுவே லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும்; இது உங்கள் சர்வர்தான் என்று ஆப்களுக்குக் காட்டுவது அந்தச் சான்றிதழ். அதற்கு 80, 443 இரண்டு போர்ட்டும் (தொடர்புகள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்கள்) திறந்திருக்க வேண்டும். ஆப்கள் வந்து சேர 5222, மற்றச் சர்வர்களோடு பேச 5269. மறக்கக் கூடாதது அழைப்புகளுக்கான போர்ட்டுகள்: 3478, 3479, 5349, 5350, கூடவே யுடிபி என்ற தொடர்பு வகையில் 49152 முதல் 65535 வரை. செய்தி ஒழுங்காகப் போகிறது, போன் அழைப்பு மணியும் அடிக்கிறது, எடுத்தால் மட்டும் குரல் இல்லை என்றால், நேராக வந்து இந்தப் போர்ட்டுகளைப் பாருங்கள். வாடகைச் சர்வர்களில் போர்ட்டுகளைத் திறந்து மூடும் ஃபயர்வால் இரண்டு இடத்தில் இருக்கலாம், ஒன்று சர்வருக்குள்ளே, ஒன்று நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றொன்றை மறந்து நான் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

அடுத்து, நிர்வாகிக்கான அழைப்பு இணைப்பை ஒரு கட்டளை கொடுத்து உருவாக்கி, அதை உங்கள் போனில் திறந்து முதல் கணக்கைத் தொடங்குங்கள். மற்றவர்களுக்கான அழைப்புகளை இனி பிரவுசரிலேயே உருவாக்கலாம். அழைப்பு இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. இதை அப்படியே விட்டுவிடுங்கள். பதிவு திறந்து கிடக்கும் சர்வர்களைக் குப்பைச் செய்தி அனுப்புகிறவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்னிக்கெட்டில் ஒரே வட்டத்தில், அதாவது ஒரே குழுவில், சேர்க்கப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் தேடிச் சேர்க்க வேண்டியதில்லை, தொடர்புப் பட்டியலில் தாமாகவே வந்துவிடுவார்கள். அம்மாவின் போனில் நான் செய்ததெல்லாம் இணைப்பைத் தொட்டு, ஆப்பை நிறுவி, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததுதான். திரையைத் திறந்தபோது அக்காவும் அண்ணனும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.

ஒரு குறிப்பு: ஸ்னிக்கெட் இயல்பாகச் செய்திகளையும் கோப்புகளையும் சர்வரில் ஒரு வாரம்தான் வைத்திருக்கும். போனை நாள்கணக்கில் அணைத்தே வைத்திருக்கும் ஆள் வீட்டில் இருந்தால் அந்த நாளைக் கூட்டிவிடுங்கள்.

சான்றிதழ் காலாவதியான நாள்

ஸ்னிக்கெட்டுக்கு முன் நான் ப்ரோசடியை நேரடியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் வீட்டுக் குரூப் அமைதியாக இருந்தது. எல்லோரும் வேலையாக இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். மதியம் அக்கா சாதாரண அழைப்பில் வந்து, “உன் ஆப் ஏதோ சிவப்பா காட்டுது” என்றார். சர்வரில் நடப்பதைப் பதியும் லாக் கோப்பைத் திறந்தால், சான்றிதழ் முந்தின இரவோடு காலாவதி. ஆனால் தானியங்கிப் புதுப்பித்தல் ஒரு மாதத்துக்கு முன்பே சரியாக ஓடியிருந்தது, புதுச் சான்றிதழ் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது! அந்தக் கோப்பைப் படிக்கும் அனுமதி ப்ரோசடிக்கு இல்லை. அது பழையதையே கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

ப்ரோசடியை நேரடியாக நடத்துகிறவர்கள், புதுப்பித்த பின் சான்றிதழை ப்ரோசடியின் இடத்துக்கு நகலெடுத்து, அதை மறுபடி ஏற்றச் சொல்லும் சின்ன வேலையைப் புதுப்பித்தலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அந்தச் சர்வரோடு வரும் சோதனைக் கட்டளை டிஎன்எஸ், சான்றிதழ், அமைப்பு மூன்றையும் பார்த்துச் சொல்லும், மாதம் ஒருமுறை ஓட்டுங்கள். காலாவதி நெருங்கினால் லெட்ஸ் என்க்ரிப்ட் முன்பு மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். நினைவூட்டலை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டாரிடம் சொல்ல வேண்டியவை

நீங்கள் இப்போது சர்வர்காரர். செய்திக்குள் என்ன இருக்கிறது என்று ஒமீமோ உங்களுக்குக் காட்டாது. ஆனால் யார் யாரோடு எந்த நேரத்தில் பேசினார்கள், யாருடைய பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது சர்வருக்குத் தெரியும், நீங்கள் நினைத்தால் உங்களுக்கும் தெரியும். முன்பு இது முகம் தெரியாத நிறுவனத்திடம் இருந்தது. இப்போது மகனிடமோ தம்பியிடமோ இருக்கிறது. சிலருக்கு அது இன்னும் கூச்சமாக இருக்கலாம். நான் எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொன்னேன். லாக்கில் தேவைக்கு மேல் எதையும் எழுதாமல் குறைத்து வைத்தேன். அக்கா மகள் தன் கணக்கை வேறொரு பொதுச் சர்வரில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். தாராளமாக என்றேன். அங்கிருந்தபடியே அவள் வீட்டுக் குரூப்பில் பேசுகிறாள்.

பழைய ஆப்பை யாரையும் உடனே அழிக்கச் சொல்லாதீர்கள். சர்வர் ஒரு நாள் விழுந்தால் தகவல் சொல்ல வேறு வழி வேண்டும். எந்தப் பேச்சு எங்கே என்று ஒரு பழக்கம் உண்டானால் போதும்; எங்களுக்குக் குழந்தைகளின் படங்கள்தான் தொடக்கம். “படம் இங்கேதான் போடுவேன்” என்று அண்ணி சொன்ன வாரத்திலிருந்து எல்லோரும் தானாகவே ஆப்பைத் திறந்தார்கள். மற்ற ஆப்களோடு இணைக்கும் பாலங்களும் இருக்கின்றன. அவற்றில் செய்தி பாலத்தில் ஒருமுறை திறக்கப்பட்டு மறுபடி பூட்டப்படும் என்பதால், தொடக்கத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாரம் ஒருமுறை சர்வரின் தரவை வேறொரு இயந்திரத்துக்குப் பேக்கப் எடுங்கள். ஒருமுறையாவது அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். புதுப் பதிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் ஏற்றுங்கள்.

கடைசியாக ஒரு தாள். டொமைன் எங்கே வாங்கியது, சர்வர் எங்கே இருக்கிறது, பேக்கப் எங்கே, கடவுச்சொற்கள் எந்தப் பெட்டகத்தில் என்று எழுதி, விவரம் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள். டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை மேலேயே பெரிதாக எழுதுங்கள். அது கைவிட்டுப் போனால் எல்லோருடைய முகவரியும் ஒரே நாளில் போய்விடும். எங்கள் வீட்டில் அந்தத் தாள் அக்காவிடம் இருக்கிறது, தேதி அவர் போன் காலண்டரில் இருக்கிறது. போன வருடம் எனக்கு முன்னால் அவர்தான் நினைவுபடுத்தினார்.